ஒரு கிலோவுக்குக் குறைவு

காஸ்ட்ரோவில், வீட்டு மேசையில், உட்கார்ந்திருக்கிறது மூத்தது.
இரண்டு திரை, ஓயாத விசிறி,
சுவரோடு நங்கூரம் பாய்ச்சிய ஒயர்கள்.
அதை நகர்த்த என் தம்பி எலிசெயோ வரவேண்டும்,
வந்தால் சாப்பாடு போடவேண்டும்.

இளையது என் தோள்பையில்.
புவெர்த்தோ மொன்ட்டில் படிப்பை நிறுத்திய பையனிடம்
தவணையில் வாங்கியது.
மூடியில் அவன் ஒட்டிய பெங்குவின்;
எவ்வளவு சுரண்டியும் ஒரு சிறகு போகவில்லை.
விசைப்பலகையில் எல்லா எண்ணும் சொன்னபேச்சு கேட்கும்.
ஏழை மட்டும் இரண்டுதரம் தட்டவேண்டும்.

செவ்வாய்தோறும் படகு.
செலின், பிறகு கெவுய்:
சிப்பி வளர்ப்போர் கூட்டுறவின் கணக்கை
தீவு தீவாகத் திறந்து மூடுவது என் பிழைப்பு.
சாரல் அடிக்கும்போது மழைக்கோட்டுக்குள்
வயிற்றோடு அணைத்துக்கொள்வேன்.
"எத்தனை மாதம்?" என்பான் படகோட்டி.
"இன்னும் இரண்டு தவணை."

செலினில் பால்டொமேரோ பார்ரியா
சிப்பி நிறுக்கும் தராசைக் காட்டினார்.
"வை, பார்க்கலாம்."
வைத்தேன். முள் நடுங்கி நின்றது.
தொள்ளாயிரத்து அறுபது கிராம்.
"ஒரு கிலோகூட இல்லையே,
இதுக்குள்ளயா எங்க கடன் மொத்தமும்?"
துறையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
தட்டை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

மேசைத் திரையில் நாற்பது குடும்பமும் ஒரே பார்வைக்கு அடங்கும்.
ஒரு குடும்பம், ஒரு வரி.
வரியின் கடைசியில் கறுப்போ சிவப்போ.
காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.
இதிலோ ஒன்பது வரிதான் தெரியும்.
விரலால் தள்ளித் தள்ளிப் போகவேண்டும்,
தள்ளும்போது சிலர்
தட்டுப்படுவார்கள்.

கெவுயில் தட்டுப்பட்டவள் ருப்பெர்த்தா மான்சில்யா.
ஜெனரேட்டர் இருமி அடங்கிய சமையலறை.
விறகடுப்பின் வெளிச்சம் ஒரு பக்கம்,
திரையின் வெளிச்சம் மறுபக்கம்,
நடுவில் உரித்த உருளைக்கிழங்கோடு அவள் கை.
இந்தக் கோடையில் கடல் சிவந்தது, விற்கத் தடை.
கயிறுகளில் கனத்துத் தொங்குகின்றன
யாரும் தின்னக்கூடாத சிப்பிகள்.
கெடு, மார்ச் ஏழு.

"நான் எந்த வரி?" என்று கேட்டாள்.
காட்டினேன்.
ஈரவிரலால் தன் பெயரைத் தொட்டாள்.
தொடுதிரை இல்லை அது.
துடைக்காமல் விட்டேன்.

திரும்பும் படகில், முழங்கால்மேல்,
அலைக்கு அலை எழுத்து துள்ள,
மார்ச்சை அழித்து ஆகஸ்ட் என்று அடித்தேன்.
தேதி பதினேழு.
ஒன்று. பிறகு
ஏழை ஒரே ஒருமுறைதான் தட்டினேன்.
திறந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும்
இரண்டும் என்னைக் கேட்காமலே பேசிக்கொண்டன.
பிறகு மூத்தது கேட்டது:
ஒரே கோப்புக்கு இரண்டு பிரதிகள் உள்ளன.
எதை வைத்துக்கொள்ள?

ஒன்று, திங்கள் காலை ஒன்பது பத்து,
மேலாளர் உர்சூவா பார்த்துச் சரி சொன்னது.
மற்றது, செவ்வாய் மாலை ஆறு நாற்பது,
இடம் சொல்லவில்லை. இடம் கடல்.

அடுப்பு மூட்டினேன். ஈரக் காலுறையைக் காயப்போட்டேன்.
கேள்வி எரிந்துகொண்டே இருந்தது இரண்டு திரையிலும்.
இளையதன் கீலில் சிக்கியிருந்த சிப்பித் துணுக்கை
ஊசியால் நெம்பி எடுத்தேன்,
நகக்கண் அளவு, உள்பக்கம் ஊதா.
பிறகு இரண்டாவதை அழுத்தினேன்.

உர்சூவா கேட்பார்.
பதில் தயாரிக்க ஐந்து நாள் இருக்கிறது,
பொய் சொல்வதென்றால் அதில் பாதி போதும்.

பையைக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது:
சார்ஜரை கெவுயில் விட்டுவிட்டேன்,
கரண்ட் வந்தால் ஏறட்டுமென்று
ருப்பெர்த்தாவின் சுவரில் சொருகியபடி.
அடுத்த செவ்வாய் வரைக்கும்
பதினொரு சதவீதம்.